புது இழைப்புளிக்கு எண்ணெயா, மெழுகா?

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியை, அதுவும் புது இரும்பு இழைப்புளியை, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மரத்தில் வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பிளேடு கூராக இருப்பது போலத் தெரியும்; சுருள் வராது, தூள்தான் வரும். உடம்பெல்லாம் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய பிசுக்கு வேறு.

பிசுக்கை எடுக்கச் சோப்புத் தண்ணீர் வேண்டாம். திருகுக் குழிகளில் ஈரம் தங்கினால் வார்ப்பிரும்பு சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும். மண்ணெண்ணெய் நன்றாகவே எடுக்கும், ஆனால் வாடை போகாது. டர்பன்டைன் சீக்கிரம் காயும் என்பதால் என் ஓட்டு அதற்கே. எல்லாவற்றையும் கழற்றி, மரைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான போட்டி. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய், பிளேடை ஏற்றி இறக்கும் திருகுக்கு மிகப் பொருத்தம். ஒரு சொட்டு போதும். அதையே அடிப்பரப்பில் தடவினால் மரத்தூள் ஒட்டிக் கறுத்துக் களிம்பாகிவிடும். அது பலகையில் ஏறிவிட்டால், பிறகு அடிக்கும் பாலிஷ் அந்த இடத்தில் பிடிக்காது. சிலிகான் ஸ்பிரே இன்னும் மோசம்: வார்னிஷ் பொட்டுப் பொட்டாக விலகி நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்று பட்டால் இறுகிவிடும் ரகம். மரத்தாலான இழைப்புளியின் உடம்புக்குச் சரி, இரும்புத் திருகுக்கு ஆகாது.

மெழுகு? வெள்ளை மெழுகுவர்த்தியால் அடிப்பரப்பில் இரண்டு கோடு கிறுக்கிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் தோளில் தெரியும். ஆனால் அந்தக் கிறுக்கலை நம்பி மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க முடியாது. விரல் வியர்வை பட்ட இடமே முதலில் துருப்பிடிக்கும். அதனால் எடுத்து வைக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. வேலைக்கு எடுத்ததும் அதைத் துடைத்துவிட்டு மெழுகு.

தீட்டுவதற்கு, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளுக்கு ஆரம்பச் செலவு குறைவு. பிளேடின் பின்பக்கத்தை, முனையை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், சமமாக்க அது நல்ல வழி. தினசரி வேலைக்குத் தாள் கட்டுப்படியாகாது. தண்ணீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் சாணைக்கல்) வேகமாகத் தீட்டும், ஆனால் நடுவில் குழி விழும். அடிக்கடி சமப்படுத்த வேண்டும். வைரத் தகடு, அதாவது வைரத்தூள் பதித்த உலோகத் தகடு, அப்படிக் குழியாது. எனக்கு அதுதான் பிடித்தது. எதில் தீட்டினாலும் பொதுவாக 25 பாகைச் சரிவு, விளிம்பில் மட்டும் 30. பின்பக்கத்தில் விரலை உள்ளிருந்து விளிம்பை நோக்கி வெளிப்புறமாக நகர்த்தினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அகலம் முழுக்கத் தட்டுப்பட்டால், அந்தக் கல்லின் வேலை முடிந்தது. இல்லையென்றால் இன்னும் தீட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சுருள் ஒரு பக்கம் மட்டும் தடித்து வந்தால் கல்லைத் திட்டாதீர்கள். பிளேடு கோணலாக நிற்கிறது. பின்னால் உள்ள பக்கவாட்டு நெம்புகோலை லேசாகத் தள்ளினால் சரியாகிவிடும்.