ஆம்பிளிஃபையரில் ரேடியோ இரைச்சல்: ஃபெரைட்டா, விலையுயர்ந்த கேபிளா?

செல்போனுக்கு அழைப்பு வரும் முன்பே பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ‘டிட்-டிடி-டிட்’ என்று கத்துகிறதா? 2ஜி போன் அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாது. நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை நம் காதுக்கு எட்டாது. ஆனால் ஆம்பிளிஃபையரின் டிரான்சிஸ்டர் அதை டயோடு போலப் பிரித்து, அந்த 217 ஹெர்ட்ஸ் துடிப்பை ஸ்பீக்கருக்குத் தந்துவிடுகிறது. மலிவான அடாப்டரும் எல்இடி பல்பும் இதே போலத் தொல்லை தருபவைதான். உள்ளே வரும் வழி பெரும்பாலும் வயர்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் இன்புட் கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது சத்தம் வருகிறதோ அதுவே ஆன்டெனா. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வந்தால் ஸ்பீக்கர் வயரையோ மின்வயரையோ சந்தேகிக்க வேண்டும். ஸ்பீக்கர் வயரைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அது பிடிக்கும் அலை, பின்னூட்டப் பாதை (வெளியே போகும் சிக்னலில் ஒரு பகுதியை ஆம்பிளிஃபையரின் உள்ளீட்டுக்கே திருப்பும் வழி) வழியாக முதல் கட்டத்துக்கே போய்ச் சேரும்.

என் முதல் தேர்வு ஃபெரைட், அதாவது வயர் மீது மாட்டும் காந்தப்பொருள் வளையம் அல்லது கிளிப். சிக்னலின் இரு கம்பிகளும் சேர்ந்தே வளையத்துக்குள் போவதால் இசைக்குப் பாதிப்பில்லை. வயர் முழுவதிலும் ஒரே திசையில் ஓடும் ரேடியோ மின்னோட்டம் மட்டும் தடைபடும். வயரை கிளிப்புக்குள் ஒரே முறை விட்டு மாட்டிவிட்டு ‘பலனில்லை’ என்பவர்கள் அதிகம். வயர் வளையத்துக்குள் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று; தடை, சுற்றுகளின் வர்க்கத்தில் கூடுகிறது: 3 சுற்றுக்கு ஏறத்தாழ 9 மடங்கு, 5 சுற்றுக்கு 25 மடங்கு. 1 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தொல்லைக்கு 31 என்ற ஃபெரைட் வகை ஏற்றது. அதற்கு மேல் 61 வகை. செல்போன் அலைக்கு அதிகச் சுற்று போடக்கூடாது, சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்குத் திறன் (கெபாசிட்டன்ஸ்) வழியாக அலை தாவிவிடும்.

ஷீல்டு கேபிளில் (உள்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள கேபிள்) நான் பார்ப்பது நெருக்கமான செம்புப் பின்னல் ஒன்றைத்தான். வீட்டு ஆடியோ கருவிகளில் வழக்கமாக வரும் ஆர்சிஏ கேபிளில் ஷீல்டே சிக்னல் திரும்பும் பாதையும் என்பதால், அதில் ஓடும் தொல்லை சிக்னலோடு கலக்கும். பின்னல் நன்றாக இருந்தால் அது குறையும்; அதற்கு மேல் கொடுக்கும் விலை வீண்.

எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இணைப்பு (மூன்று பின் பிளக்கில் இரு கம்பிகள் சிக்னலுக்கு, ஷீல்டு தனி) இதைவிட நல்லது, ஆனால் இரு கருவிகளிலும் அந்த வசதி வேண்டும். ஷீல்டு சேரும் 1-வது பின் நேராக உலோகப் பெட்டியோடு சேராமல் சர்க்யூட் போர்டுக்குப் போனால், அதுவும் தொல்லையை உள்ளே அழைத்துவரும். ஆடியோ பொறியாளர் நீல் மன்சி 1995-இல் இதை விரிவாக எழுதினார். இன்னும் பல கருவிகளில் இந்தக் குறை இருக்கிறது.

டிவியிலிருந்து டேக்குக்கு (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) ஒளியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டிகல் கேபிளே போதும். உலோகமே இல்லாததால் அந்த வழி அடைபடுகிறது; இரு கருவிகளின் எர்த் கம்பிகள் சேர்ந்து வளையமாவதால் (எர்த் லூப்) வரும் ‘ம்ம்ம்’ சத்தமும் அவ்வழியாக வராது. ரெக்கார்டு பிளேயருக்கு இது உதவாது. ஊசி அசைவை மின்சாரமாக்கும் மூவிங் காயில் வகை காட்ரிட்ஜின் சிக்னல் அரை மில்லிவோல்ட் அளவுதான் என்பதால், ரவுட்டரையும் அடாப்டரையும் தள்ளிவைப்பதே முதல் வேலை.

எந்த இரைச்சலுக்காகவும் மின்பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.