ஜப்பான்ல எப்பவாச்சும் திறக்கிற இடங்க: எதுக்கு மெனக்கெடலாம், எதை விட்டுடலாம்

ஜப்பானுக்கு மொத தடவை போறவங்க கியோட்டோல தங்கக் கோயில், செவப்பு வாசலா வரிசைகட்டி நிக்கிற ஃபுஷிமி இனாரி ரெண்டையும் கூட்டத்துல நசுங்கிப் பாத்துட்டு வந்துடுவாங்க, தப்பில்ல, நானும் அப்படித்தான். ரெண்டாவது தடவை டிக்கெட் போடறப்பதான் இந்தப் பூட்டி வெச்ச இடங்க மேல கண்ணு போகும். அங்க ஒரு சிக்கல், எல்லாத்தையும் "அபூர்வம்", "வாழ்நாள்ல ஒரு தடவை"ன்னு ஒரே மாதிரி எழுதி வெச்சிருக்காங்க, எதுக்கு ஒரு நாளைச் செலவு பண்றதுன்னே புரியாது. என் கணக்கு சிம்பிள். உள்ள போனப்புறம் நின்னு பாக்க விடறாங்களா? திருப்பதில மணிக்கணக்கா நின்னு கடைசில ஜருகண்டியோட முடிஞ்சவங்களுக்கு நான் என்ன சொல்ல வரேன்னு உடனே புரியும்.

பெரிய போட்டி கட்சுராவுக்கும் ஷுகாகுயினுக்கும்தான். ரெண்டும் கியோட்டோல, ரெண்டும் 17ஆம் நூற்றாண்டு, ரெண்டும் அரச குடும்பத்தோட தோட்ட மாளிகை, இன்னைக்கும் அரச குடும்பத்து விவகாரங்களைப் பாக்கற இம்பீரியல் ஹவுஸ்ஹோல்டு ஏஜென்சி கைலதான் இருக்கு. நடைமுறையும் ஒண்ணுதான். முன்கூட்டியே அப்ளை பண்ணி நேரம் வாங்கணும், வாசல்ல பாஸ்போர்ட் காட்டணும், கைடு முன்னாடி போவார், கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒரு காவலர் வருவார், நடுவுல நாம மந்தையா போகணும். கட்டடத்துக்குள்ள கால் வைக்க முடியாது, திறந்து வெச்ச கதவு வழியா வெளில நின்னு எட்டிப் பாக்கறதுதான். கட்சுராவுக்கு 2018 நவம்பர்ல இருந்து 1000 யென், ஷுகாகுயின் இலவசம்.

பேர் பெருசு கட்சுராவுக்குத்தான். இளவரசர் தோஷிஹிதோ ஆரம்பிச்சு மகன் தோஷிதாதா முடிச்சது, 1933ல ஜெர்மன் ஆர்க்கிடெக்ட் ப்ரூனோ டவுட் வந்து பாத்துட்டுப் புகழ்ந்து தள்ளிட்டார், அதுக்கப்புறம் கட்டடக்கலை படிக்கிறவங்களுக்கு இது ஒரு காசி மாதிரி ஆயிடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, ஷோகின்தேய்ங்கிற டீ வீட்டுல சுவர்லயும் தள்ளுகதவுலயும் நீலமும் வெள்ளையுமா கட்டம் கட்டமா காகிதம் ஒட்டியிருக்கும், முந்தாநாள் யாரோ டிசைன் பண்ண மாதிரி இருக்கும். ஆனா பாதை பூரா கல்லு கல்லா பதிச்சது, ஒண்ணு மேடு ஒண்ணு பள்ளம், குனிஞ்சு பாத்துத்தான் நடக்கணும். எங்க தலை நிமிரணுமோ அங்க மட்டும் கல்லு அகலமா இருக்கும், அங்க நின்னாத்தான் காட்சி, வேணும்னே அப்படிப் பண்ணி வெச்சிருக்கானுங்க கில்லாடிங்க. அந்த இடத்துல ஒரு பத்து நிமிஷம் நிக்கணும்னு மனசு கெஞ்சும், ஆனா மொத்த சுத்துக்கே ஒரு மணி நேரம்தான். டிக்கெட் கிடைக்கலையா, அழவேணாம், கட்சுரா ஆத்துப் பக்கம் ரோட்டுல நடந்தீங்கன்னா அந்த மாளிகை வேலியைச் சும்மாவே பாக்கலாம், உயிரோட நிக்கிற மூங்கிலை அப்படியே வளைச்சு இறக்கிப் பின்னியிருப்பாங்க, வேலியே பச்சையா இலை விட்டுட்டு இருக்கும்.

ஷுகாகுயின் வேற ஆட்டம். கோமிசுனோ சக்ரவர்த்தி பதவியை விட்டப்புறம் 1650கள்ல மலையடிவாரத்துல கட்டினது. கட்சுரா ஏழு ஹெக்டேர்னா இது அம்பத்து நாலு. கீழ, நடு, மேலன்னு மூணு தோட்டம், நடுவுல வயக்காடு, இப்பவும் அங்க விவசாயம் நடக்குது, அரசர் தோட்டத்துக்கு நடுவுல நெல்லும் கத்திரிக்காயும். கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர் ஏறி இறங்கணும், முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கோங்க. மேல் தோட்டத்துக்கு ஏறும்போது ரெண்டு பக்கமும் செடியை ஒசரமா வெட்டி விட்டு வேணும்னே கண்ணை மறைச்சிருப்பாங்க, உச்சில போய்த் திரும்பினா குளம், மலை, கியோட்டோ ஊரு எல்லாம் ஒரேயடியா திறக்கும், யாரும் பேச மாட்டாங்க அந்த நேரத்துல. எனக்கு அதைவிடப் பிடிச்சது நடுத் தோட்டத்துல ஒரு மரக்கதவு. அதுல பெரிய மீன் வரைஞ்சிருக்கு, அந்த மீனெல்லாம் ராத்திரில கதவை விட்டு இறங்கிக் குளத்துக்குப் போயிடுதுன்னு பின்னால வலையும் வரைஞ்சு விட்டாங்களாம். கிட்டப் போய்ப் பாத்தா வலைல ஒரு இடம் கிழிஞ்ச மாதிரியே வரைஞ்சிருக்கு! வலை போட்டவன் மீன் பக்கம்தான்போல.

ரெண்டுல ஒண்ணுன்னா நான் ஷுகாகுயின்தான் சொல்வேன். இடம் பெருசுங்கறதால கூட்டம் தானா பிரிஞ்சிடும், மூச்சு விட முடியும். ஆன்லைன்ல முடியலன்னா அன்னைக்கே நேர்ல போய் வாங்கற சீட்டும் கொஞ்சம் உண்டு, சீக்கிரமா போயிடணும். திங்கக்கிழமை லீவு. பாஸ்போர்ட்டை ரூம்லயே வெச்சுட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பின புத்திசாலி ஒருத்தன் இருக்கான், அவன்தான் இதை எழுதிட்டு இருக்கான்.

அடுத்தது சைஹோஜி, இதுவும் கியோட்டோலதான், பாசிக் கோயில்னு சொல்வாங்க. 1339ல முசோ சோசெகிங்கிற ஜென் துறவி திருத்தி அமைச்ச தோட்டம், 120 வகைப் பாசின்னு கணக்கு. கூட்டம் மிதிச்சு பாசியே போயிடும்னு 1977ல பொதுமக்களுக்கு மூடிட்டாங்க, அதுலருந்து முன்பதிவுதான். ரொம்ப வருஷமா பதில் அட்டையோட தபால் எழுதிப் போட்டுத்தான் அனுமதி வாங்கணும், இப்ப ஆன்லைனும் வந்துடுச்சு. கட்டணம் 4000 யென், கேட்டதும் வயிறு எரியும். ஆனா மொதல்ல உக்காந்து தூரிகைல புத்த சூத்திரம் எழுதச் சொல்வாங்க, மங்கலா அச்சடிச்சிருக்கும், அது மேலயே எழுதலாம், எழுத்து தெரியலன்னாலும் பரவால்ல. அதை முடிச்சுட்டா தோட்டம் நம்ம இஷ்டம், கைடு கிடையாது, நிக்கலாம். என் கணக்குல கட்சுராவை ஜெயிக்குது. வெயில் கொளுத்தற நாள்ல போனா பாசி வாடிப் பழுப்பா இருக்கும், மழைக்காலமான ஜூன்ல குடையோட போங்க.

இதெல்லாம் மனு போட்டா திறக்கிற பூட்டு. நாராவுல இருக்கிறது தேதி வந்தா மட்டும் திறக்கிற பூட்டு, அப்ளிகேஷன் ஒண்ணும் வேணாம். ஹிபுட்சுன்னு சொல்வாங்க, மறைச்சு வெச்ச மூர்த்தி. ஹோர்யூஜி கோயில்ல யுமெதோனோன்னு எட்டுமூலை மண்டபம், உள்ள குஸே கன்னோன் சிலை. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. நீளமான துணிய சுத்திச் சுத்திப் பூட்டி வெச்சிருந்ததை 1884ல அமெரிக்கக் கலை ஆய்வாளர் ஃபெனொலோசாவும் அவரோட ஜப்பானிய சகா ஒகாகுராவும் அரசாங்க உத்தரவோட போய்த் திறக்கச் சொன்னாங்க, திறந்தா பூகம்பம் வரும்னு கோயில்காரங்க பயந்து போனாங்களாம். பூகம்பம் வரல, மேல பூசின தங்கம் மட்டும் அப்படியே மின்னிட்டு இருந்துச்சு. இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் 11 - மே 18, அக்டோபர் 22 - நவம்பர் 22. வெளில நின்னு கம்பி வலை வழியாதான் பாக்கணும், உள்ள இருட்டு, மொத நிமிஷம் ஒண்ணுமே தெரியாது. நிறைய பேர் அந்த மொத நிமிஷத்துலயே போயிடறாங்க. நில்லுங்க. கண்ணு பழகப் பழக மொதல்ல கிரீடம், அப்புறம் அந்த லேசான சிரிப்பு வெளில வரும். யாரும் தள்ள மாட்டாங்க.

இன்னும் ஒருபடி மேல போகணும்னா நாராவுலயே தோதாய்ஜி கோயிலோட ஹொக்கேதோ மண்டபத்துல இருக்கிற ஷுகொங்கோஷின், களிமண் காவல் தெய்வம், வருஷத்துல டிசம்பர் 16 ஒரே நாள். பூட்டியே கிடந்ததால மேல பூசின கலர் இன்னும் இருக்கு. அந்த ஒரு நாளுக்காகவே டிசம்பர்ல ப்ளைட் போடறதுன்னா, சிற்பப் பித்து இருந்தா போடுங்க, இல்லாட்டி வேணாம். அன்னைக்கு நின்னு பாக்கறது கஷ்டம், பின்னாடி வரிசை காத்துட்டு இருக்கும்.

ஷோசோயின்ங்கிறது தோதாய்ஜியோட பழைய கருவூலம், அந்தப் பொக்கிஷம் கொஞ்சம் வித்தியாசம். கட்டடம் திறக்கறதில்ல, வெளிய இருந்து பாக்கலாம், உள்ள இருக்கிற சுமார் 9000 பொருள்ல அறுபது போல எடுத்து ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் நாரா தேசிய மியூசியத்துல ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூட வைப்பாங்க, 1946லருந்து நடக்குது. ஒரு தடவை வெளில வந்த பொருள் மறுபடி வர பல வருஷம் ஆகும், அதனால எது வருதுன்னு பாத்துட்டுப் போகணும். 752ல தோதாய்ஜி பெரிய புத்தருக்குக் கண் திறந்தது இந்தியாவுலருந்து போன போதிசேனர்ங்கிற துறவி, அந்தத் தூரிகையும், அதுல கட்டிக் கூட்டத்துல இருந்தவங்க பிடிச்சிருந்த நீல நூலும் இந்தப் பொக்கிஷத்துலதான் இருக்கு. அது வெளிவர்ற வருஷமா அமைஞ்சா யோசிக்கவே வேணாம். ஆனா கூட்டம் கூட்டமா வருவாங்க, கண்ணாடிப் பெட்டி முன்னாடி தோள் இடிக்கும், நேரம் குறிச்ச டிக்கெட் முன்னாடியே வாங்கியிருக்கணும்.

கியோட்டோல வசந்தம், இலையுதிர், குளிர்காலம்னு சீசன் சீசனா மூடின கோயில்களைத் திறக்கிற ஏற்பாடும் இருக்கு, ஒரு இடத்துக்கு ஆயிரம் யென் போல ஆகும். தோஜியோட அஞ்சடுக்கு கோபுரத்துல, ஜப்பான்லயே ஒசரமான மர கோபுரம், 55 மீட்டர் பக்கம் வரும், அதோட கீழ்த்தளம் அப்படித்தான் சில நாள் திறப்பாங்க. எந்தக் கோயில் திறக்கும்னு வருஷா வருஷம் மாறும், அதனால இது லாட்டரி மாதிரி, சிலது அருமை, சிலது "இதுக்கா"ன்னு தோணும். குளிர்காலம்தான் என் சாய்ஸ், ஆளே இருக்காது. ஷூவைக் கழட்டிட்டு ஐஸ் மாதிரி மரத்தரைல நிக்கணும், நான் மெல்லிசு சாக்ஸோட போய் ரெண்டாவது ரூம்லயே சரண்டர் ஆயிட்டேன், கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்கோங்க.

ஒகினோஷிமாங்கிற புனிதத் தீவைப் பத்தி யாராவது ஆசை காட்டினா விட்டுடுங்க. பொம்பளைங்களுக்கு எப்பவுமே அனுமதி இல்ல, ஆம்பளைங்க மட்டும் வருஷத்துல ஒரு நாள், மே 27, சுமார் 200 பேர் கடல்ல குளிச்சுட்டு ஏறலாம்னு இருந்துச்சு, 2017ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு, 2018லருந்து அதையும் நிறுத்திட்டாங்க. ஓஷிமா தீவுல தூரத்துலருந்து கும்பிடற இடம் இருக்கு, வானம் தெளிவா இருந்தா தீவு தெரியும், அவ்ளோதான்.

தேதி உங்க கைல இருந்தா அக்டோபர் கடைசி வாரம் போங்க. யுமெதோனோவும் ஷோசோயின் கண்காட்சியும் அப்ப ஒண்ணா மாட்டும், நாராவுல ரெண்டு ராத்திரி தங்குங்க, மொத நாள் ஹோர்யூஜி, மறுநாள் மியூசியம், அப்புறம் கியோட்டோ வந்து ஷுகாகுயின். லீவு ஆபீஸ் குடுக்கறப்பதான்னா சைஹோஜி, எந்த மாசம்னாலும் பெரும்பாலும் நடக்கும், 4000 யென் போனாலும் பரவால்ல.