தாளா, காதா?

நாகர்கோவிலில் கிறிஸ்துமஸ் பாடல் பதிவுகளுக்கு இரு வகை பேஸ் (கீழ்ச்சுர) கிட்டார்காரர்களையும் அழைத்திருக்கிறேன். இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பவர் பெரும்பாலும் முதல் டேக்கிலேயே முடித்துவிடுவார். நான்கு குரல் பாடகர் குழு, நடுவில் சுருதி மாறும் பாட்டு என்றால் அவர்தான் வேண்டும்.

காதால் வாசிப்பவரிடம் தாளை நீட்டினால் சிரிப்பார். பாட்டை இரண்டு முறை கேட்பார். கண்ணை மூடித் தடித்த கம்பியில் ஆதாரச் சுரத்தைத் தடவித் தேடுவார். பாடகிக்குத் தொண்டை கட்டியதால் அரைச் சுரம் இறக்கச் சொன்னால், கையை ஒரு பிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டை) பின்னால் நகர்த்துவார், அவ்வளவுதான். (அடிக்கம்பியை விரல் வைக்காமல் வெறுமனே மீட்டும் இடத்தில் மட்டும் திணறுவார், அதற்குக் கீழே சுரம் ஏது?) தாள்காரருக்கோ பல நேரம் மாற்றி எழுதித் தர வேண்டும்.

பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிட்டார்காரர் பால் மெக்கார்ட்னிக்கும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. மார்த்தாண்டம் ஆலய மேடைக்கு நான் காதுக்காரரையே கூப்பிடுவேன்.