உரக்கடைக்காரருக்கு எந்தச் சங்கம் குரல் கொடுக்கும்?

டெல்லியில் உள்ள இந்திய உரச் சங்கம் 1955-இல் தொடங்கியது. உற்பத்தி நிறுவனங்கள்தான் அதன் பலம். மானியக் கொள்கை, இறக்குமதி என மத்திய அரசோடு பேசுகிறது, உரப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வெளியிடுகிறது.

மாவட்ட உரக்கடைக்காரர் சங்கத்தின் கவலையே வேறு. 45 கிலோ யூரியா மூட்டையை அரசு சொன்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது. ஆனால் லாரி வாடகையும் இறக்குகூலியும் ஏறிக்கொண்டே போகின்றன. யூரியா வேண்டுமென்றால் வேறு சரக்கையும் சேர்த்து எடு என்று கம்பெனி கட்டாயப்படுத்தினால் யாரிடம் போவது? சரி, பிரிக்காத மூட்டையில் தரம் பார்க்க எடுத்த மாதிரி ஆய்வகத்தில் தேறவில்லை என்றால், கடைக்காரரும் வழக்கில் சிக்குகிறார். இந்தச் சிக்கல்களில் கடைக்காரருக்கு எதிரில் நிற்பது, டெல்லிச் சங்கத்தின் பலமான அதே உற்பத்தியாளர். அதனால் சிறு கடைக்காரர் முதல் சந்தாவை மாவட்டச் சங்கத்துக்கே கட்டுவது நல்லது என்பேன்.