வேலூர் வெயிலில் வாழ்ந்த போன், குல்மார்க் பனியில் ஏன் அணைகிறது?

காஷ்மீரின் குல்மார்க்கில், கோண்டோலா என்னும் ரோப் கார் வரிசையில் நிற்கும்போது போன் 45 சதவீதம் சார்ஜ் காட்டுகிறது. மேலே அபர்வத் மலையில் இறங்கி ஒரு வீடியோவுக்குக் கை வைத்ததும் பட்டென்று அணைகிறது. கீழே வந்து அறையில் போட்டுவைத்தால் அதே போன் 38 சதவீதத்தோடு எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜனவரியில் பனிச்சறுக்குக்குப் போய்வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் புகார் இது. பழி எப்போதும் பனி மேல்தான் விழுகிறது. பாதிப் பழி வேலூர் வெயிலுக்குப் போக வேண்டியது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். பாட்டில் நிறைய எண்ணெய் இருக்கும், ஒரு சொட்டு இறங்காது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் இறங்கும். லித்தியம் அயான் பேட்டரியும் குளிரில் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் தடித்துப்போய், மின்னூட்டத்தைச் சுமக்கும் அயனிகள் மெதுவாக நகர்கின்றன. அதனால் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை, ஏறுகிறது. சார்ஜ் தீரவில்லை, கேட்ட வேகத்தில் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கணக்காகப் பார்க்கலாம். பாதி சார்ஜில் பேட்டரி 3.8 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். கேமரா, முழு வெளிச்சத்தில் திரை, சிக்னல் தேடல் மூன்றும் சேர்ந்து ஒரு நொடி 2 ஆம்பியர் இழுக்கின்றன. உள்மின்தடை 0.1 ஓம் என்றால் விழுவது 0.2 வோல்ட், போனுக்குத் தெரியவே தெரியாது. தடை 0.35 ஓம் ஆகிவிட்டால் 0.7 வோல்ட் விழும், மீதி 3.1. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சும்மா பையில் இருந்தவரை ஓடிக்கொண்டிருந்த போன், படம் எடுக்கும்போது மட்டும் சாவதற்குக் காரணம் இதுதான்.

இனி வெயில். ஐபோன், சாம்சங் இரண்டுமே தங்கள் போனைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரை என்றுதான் சொல்கின்றன. வேலூர் கோடை 40-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆக, பனியில் கீழ் எல்லையை மீறும் முன்பே, நம் ஊர் போன் வருடத்தில் பல வாரங்கள் மேல் எல்லையை மீறிக்கொண்டுதான் இருக்கிறது. குளிரின் பாதிப்பு பெரும்பாலும் தற்காலிகம், சூடேறினால் திரும்பிவிடும். வெயிலின் பாதிப்பு திரும்பாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரி மூப்படையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. கொள்ளளவும் குறையும், உள்மின்தடையும் நிரந்தரமாக ஏறும். சத்துவாச்சாரியில் இருந்து காட்பாடி வரை மே மாத மதியத்தில் பைக் ஹோல்டரில் மாட்டி மேப் பார்த்துக்கொண்டு, கூடவே சார்ஜும் போட்ட போன் மூன்று கோடையில் கிழவனாகிவிடும். ஊரில் அது தெரியாது. குல்மார்க் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அதனால் வேலையை ஊரிலேயே தொடங்க வேண்டும். பேட்டரி ஹெல்த் (புதிதில் பிடித்த சார்ஜில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கு) 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பனிக்கு அந்த பேட்டரியை நம்பாதீர்கள். 85 என்றாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். போனை 50 சதவீதத்துக்கு இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, டவுன்லோடு செய்த வீடியோவை முழு வெளிச்சத்தில் ஓடவிட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்த ஜிப் கவரில் மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 30 நிமிடம் வையுங்கள். அங்கே 4, 5 டிகிரிதான் இருக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். சதவீதம் படிப்படியாக இறங்கியிருந்தால் சரி. 50-லிருந்து 30-க்குத் தாவியிருந்தாலோ அணைந்திருந்தாலோ பேட்டரி மாற்றுங்கள். மாற்றுவதைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. தரமில்லாத பேட்டரி என்றால் அதற்குள் ஊரிலேயே தெரிந்துவிடும். கடைக்காரரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: நீர்புகாத ஓரப்பசையைப் புதிதாக ஒட்டினார்களா? ஒட்டாவிட்டால் பனித்தூள் உருகி உள்ளே போகும்.

சறுக்கும்போது போன் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஜாக்கெட்டின் வெளிப்பை கூடாது, முதுகுப்பை அதைவிட மோசம். போனுக்கு உல்லன் சாக்ஸ் போட்டுப் பையில் வைத்தால் போதும் என்று நினைப்பது, கல்லுக்கு ஸ்வெட்டர் போட்டுச் சூடாகும் என்று காத்திருப்பது போல. துணி சூட்டைத் தராது, இருக்கிற சூட்டைக் கொஞ்சம் தாமதமாக விடும். சூடு உடம்பிலிருந்துதான் வர வேண்டும். சரியான இடம் தெர்மல் உள்ளாடைக்கு மேலே, ஜாக்கெட்டுக்கு உள்ளே, நெஞ்சுப் பக்கப் பை. தோலோடு ஒட்டி வைத்தால் வியர்வை ஏறும். திரை உடம்பைப் பார்த்திருக்கட்டும், விழுந்தால் அடி பின்பக்கம் வாங்கும். அதே பையில் சாவிக்கொத்து வேண்டாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டாம் கட்ட கோண்டோலாவுக்கு மேலே, தயார் செய்யாத சரிவுகளில் இறங்குகிறவர்கள் பனிச்சரிவு பீக்கன் கட்டியிருப்பார்கள், பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி அது. பீக்கன் 457 கிலோ ஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, போன் அதைக் குழப்பும். சிக்னல் அனுப்பும் நிலையில் போன் 20 சென்டிமீட்டராவது தள்ளியும், ஆளைத் தேடும் நிலையில் 50 சென்டிமீட்டராவது தள்ளியும் இருக்க வேண்டும். பீக்கன் நெஞ்சில் என்றால் போன் பேன்ட்டின் தொடைப்பைக்குப் போகட்டும். அங்கே குளிரும், பரவாயில்லை.

கிளவுஸ் விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் ஏமாறுவது வேடிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில், வீட்டில் நல்ல தோல் கிளவுஸ் இருக்கும். ஆனால் போன் திரை விரலின் மின்னேற்பை (மின்னூட்டத்தை ஏற்கும் தன்மையை) உணர்ந்து வேலை செய்வது, சாதாரணத் தோல் மின்சாரம் கடத்தாது. தடித்த தோலோடு தடவினால் திரை அசையாது. உள்ளே மின்கடத்தும் நூல் சேர்த்த மெல்லிய கிளவுஸ் ஒன்று, மேலே கனமான கிளவுஸ் ஒன்று என்று இரண்டாகப் போடுவதுதான் நீண்ட நாள் சரிப்பட்டு வருவது. அதிலும் விரல் நுனி நூல் ஒரு பருவத்தில் தேயும். பல ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளபடி பவர் பட்டனை இருமுறை அழுத்தினால் கேமரா திறப்பது, வால்யூம் பட்டனில் படம் எடுப்பது இரண்டையும் முன்பே பழகிக்கொண்டால் திரையைத் தொடவே வேண்டாம். மூக்கு நுனியால் தொடுகிறவர்களும் உண்டு, வேலை செய்கிறது.

கவர் ஆரஞ்சு அல்லது சிவப்பாக இருக்கட்டும். பொடிப்பனியில் விழுந்த வெள்ளைக் கவர் போனைத் தேடுவது வீண். பனிச்சறுக்கு லிஃப்டில் போகும்போது போனை வெளியே எடுப்பதாக இருந்தால் கழுத்துக்கயிறு.

மேலே போகும்போது ஏரோப்ளேன் மோடு. மலைமடிப்பில் டவர் தேடிக்கொண்டே இருக்கும் போன்தான் சார்ஜை விழுங்குகிறது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர், கோண்டோலாவின் உச்சி சுமார் 3,950. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் கீழே இருந்ததைவிட 8 டிகிரி குறைவு, காற்று தனி. கீழே மைனஸ் 2 என்று சொல்லிக் கிளம்பினால் மேலே மைனஸ் 10-க்குத் தயாராக இருக்க வேண்டும். போன் அணைந்தால் பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். நெஞ்சுப்பையில் 20 நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு ஒருமுறை அழுத்துங்கள்.

சார்ஜ் போடுவதில்தான் நிரந்தரக் கேடு நடக்கிறது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் பேட்டரியின் ஒரு முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது போனதுதான், கொள்ளளவு குறையும், அதிகமானால் உள்ளே ஷார்ட் ஆகவும் வழி உண்டு. பல போன்கள் குளிரில் சார்ஜை நிறுத்திக்கொள்ளும், அதைப் பழுது என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் போனைச் சூடாக்குங்கள். பவர் பேங்கும் அதே லித்தியம்தான், அதுவும் ஜாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். 10,000 எம்.ஏ.ஹெச். ஒரு நாளுக்குத் தாராளம். 20,000 என்றால் 74 வாட் ஹவர், விமானத்தின் 100 வாட் ஹவர் வரம்புக்குள் வரும், ஆனால் கைப்பையில் மட்டும். கேபிளில் சாதாரண பிளாஸ்டிக் உறை குளிரில் விறைத்து முனையில் வெடிக்கிறது. சிலிக்கோன் உறை தாங்குகிறது. இரவில் போன் ரசாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் உங்களோடு தூங்கலாம், ஆனால் சார்ஜில் இருக்கும் போனை ரசாய்க்குள் வைக்காதீர்கள்.

சூடான அறைக்குள் நுழையும்போது போன் வியர்ப்பது அடுத்த ஆபத்து. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் நம் ஊரில் எப்படி வியர்க்கிறதோ, அப்படித்தான் குளிர்ந்த போனும். வெளியே நிற்கும்போதே ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே வந்து முக்கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். நீர் கவரின் வெளிப்பக்கம் படியும்.

கையைச் சூடாக்கும் இரும்புத்தூள் பொட்டலங்களைப் போனோடு ஒட்டி வைப்பதில் லாபம் இல்லை. அவை 50 டிகிரிக்கு மேலும் போகும், மறுபடி அதே வேலூர் மே மாதம்தான். தங்குமிடத்தில் தரும் காங்கிரிக்கும் (கரி நெருப்பு வைத்த மண்சட்டி) இதே பேச்சு, உங்கள் கைக்கு அது, போனுக்கு இல்லை. வெந்நீர்ப் பை தந்தால் துண்டில் சுற்றி, போனுக்குப் பக்கத்தில், ஒட்டாமல்.

கடைசியாக, குளிருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், காட்பாடியில் ஹிம்சாகர் ரயில் ஏறும் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை: தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். தங்குமிடத்தின் எண்ணையும் வண்டிக்காரர் எண்ணையும் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், கொஞ்சம் ரொக்கத்தோடு.