உப்புக் காற்றில் எந்த விமானம்: அலுமினியமா, கார்பன் இழையா?

நாகர்கோவிலிலோ குளச்சலிலோ வசிக்கும் ஒருவர் இலகு விளையாட்டு விமானம் (பொழுதுபோக்காக ஓட்டும், இருவர் அமரும் சிறு விமானம்) வாங்கினால், குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால், திருவனந்தபுரத்திலோ தூத்துக்குடி வாகைக்குளத்திலோதான் அதை நிறுத்த இடம் தேட வேண்டும். இரண்டிலும் கடற்காற்றுக்குத் தப்ப வழியில்லை. ஆர்வி-12 போன்ற அலுமினிய விமானத்திலும் சிடிஎல்எஸ் போன்ற கார்பன் இழை விமானத்திலும் ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சினே இருப்பதால், உடற்பகுதியை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அலுமினியத்தில் அரிப்பு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளிலும், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளைச் சுற்றியும், எஃகு போல்ட்டுகள் தொடும் இடங்களிலும் தொடங்குகிறது. நன்னீரில் கழுவி, அரிப்புத் தடுப்பு எண்ணெய் தெளித்து வந்தால் அதைத் தள்ளிப்போடலாம். வந்துவிட்டாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

கார்பன் இழை துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தொடும் அலுமினியப் பாகம், இடையே காப்பு இல்லையென்றால், உப்பீரத்தில் இன்னும் விரைவாக அரிக்கப்படும். கடும் வெயிலில் இழை அடுக்குகளை ஒட்டிவைக்கும் பிசின் இளகக்கூடும் என்பதால் வெள்ளை வண்ணமே பெரும்பாலும் பூசப்படுகிறது. அடுக்குகள் உள்ளே பிரிந்தால் மேலே தெரியாது. நாணயத்தால் தட்டி, ஓசை மாறுவதை வைத்துக் கண்டறிய வேண்டும். நம் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் பழுதுபார்ப்போர் கைதேர்ந்தவர்களே. எனினும் உரிமம் இன்றி விமானத்தில் அவர்கள் கைவைக்க இயலாது.

பறந்து திரும்பியதும் கழுவித் துடைக்க ஆள் உண்டெனில், என் தேர்வு அலுமினியமே.