அம்மாவின் தோள்மூட்டும் ஏழு வருடப் படங்களும்

அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 32 வருடம் கொழுந்து பறித்தவர். 2018இல் வலது கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாமல் போனது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் குளிர் வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தோம். அப்புறம்தான் எக்ஸ்ரே. நேராக நிற்கவைத்து ஒரே ஒரு படம் எடுத்து, "பெரிய தேய்மானம் இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தோம். அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது ஆறுவதில்லை.

தோள்பட்டை எலும்பு முதுகோடு தட்டையாக ஒட்டியிருப்பதில்லை, 30 முதல் 40 பாகை வரை முன்பக்கம் திரும்பியிருக்கிறது. ஆளை நேராக நிறுத்தி எடுத்தால் கைஎலும்பின் பந்து, அது பொருந்தியிருக்கும் தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தின் விளிம்பை மறைத்துக்கொள்ளும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் தேய்மானத்தைக் கணிக்கிறார்கள். அந்த இடைவெளியே மறைந்துபோனால் எதைக் கணிப்பது?

இரண்டாவது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த தம்பி, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க அம்மா" என்று உடம்பைச் சரித்து நிற்கவைத்தார். அந்தப் படத்தில் இடைவெளியே இல்லை, எலும்பும் எலும்பும் ஒட்டி நின்றன. பந்தின் அடியில் எலும்பு முளை ஒன்று தாடிபோலத் தொங்கியது. அதே மூட்டு, அதே கருவி, திரும்பி நின்றது மட்டுந்தான் வித்தியாசம்.

கையை விரித்து அக்குள் வழியாக இன்னொரு படமும் எடுத்தார்கள். அம்மாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் வலித்தது. ஆனால் பந்து பின்னால் சறுக்கி, கிண்ணத்தின் பின்பாதியை அரித்திருப்பதைக் காட்டியதும் அதுதான். முன்னாலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இது தெரியாது.

இடையில் டவுனில் காசு கட்டி அல்ட்ராசவுண்ட் பார்த்தோம். தசைநார், நீர்க்கோப்பு எல்லாம் அதில் நன்றாகத் தெரிந்தன. கிண்ணத்தின் உட்பக்கம் அதற்கு எட்டாது என்பதால் தேய்மானம் பற்றி அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

எம்.ஆர்.ஐ.க்குக் கண்டிக்குப் போனோம். விடியற்காலை பஸ், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக. அரைமணி நேரம் அந்தக் கருவியின் சத்தத்துக்குள் ஆடாமல் படுத்திருக்க அம்மா மிகவும் பாடுபட்டார். கதிர்வீச்சு இல்லாத முறை அது. மூட்டைச் சுற்றிய தசைநார்கள் அறுந்துவிடவில்லை என்பதை அதுதான் உறுதிசெய்தது. செயற்கை மூட்டு வைப்பதென்றால் எந்த வகை பொருந்தும் என்பதற்கு அந்தத் தகவல் முக்கியம் என்று டாக்டர் விளக்கினார்.

சி.டி. கடைசியாகத்தான், அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தபோது. சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம், சும்மா எடுக்கக்கூடாது. அக்குள் படத்தில் கிண்ணம் 20 பாகை பின்சாய்ந்திருப்பதாக அளந்திருந்தார்கள், சி.டி.யில் 14 வந்தது. அக்குள் படம் சாய்வைக் கூட்டிக்காட்டுவது வழக்கம், ஆள் கொஞ்சம் அசைந்தாலே அளவு மாறிவிடும் என்றார் டாக்டர். சி.டி. படங்களை முப்பரிமாணமாக அடுக்கி, தோள்பட்டை எலும்பின் சொந்தத் தளத்திலிருந்தே அளக்கிறார்கள். அம்மாவின் கிண்ணத்தில் பழைய குழியும் அரிப்பால் வந்த புதிய குழியுமாக இரண்டு இருந்தன. 1999இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் வால்ஷ் குழுவினர் கிண்ணம் தேயும் விதங்களை வைத்து வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்குப் 'பி2' என்று பெயர். எவ்வளவு எலும்பு மிச்சம் என்பதையும் சி.டி.யில்தான் தெளிவாகக் கண்டோம்.

என்னைக் கேட்டால், முதலில் சரியான கோணத்தில் இரண்டு எக்ஸ்ரே போதும். "உடம்பைத் திருப்பி ஒன்று, அக்குள் வழியாக ஒன்று எடுப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. மறுவருடமும் அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். தசைநார் பற்றிச் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ., அறுவை முடிவானால் சி.டி.

அம்மா இன்னும் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. பயிற்சியும் வலி மாத்திரையுமாக நாள் போகிறது, கொண்டையை நான் போட்டுவிடுகிறேன். மழைக்கால ஈரத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் நடுவே தாள் வைத்து, தேதி எழுதி, டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். ஜனவரி கிளினிக்கிற்கு எல்லாவற்றையும் எடுத்துப் போவோம்.